கொத்தடிமை மீட்பில் சமூகப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடக்கும் ஒரு குடும்பத்துக்காகப் பேசச் செல்லும் சமூகப் பணியாளர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு, நல்லெண்ணத்தோடு சமரசம் பேசுவதுதான். “வாங்கிய பணத்தைத் தவணையில் கட்டிவிடுவார்கள், இவர்களை அனுப்பிவிடுங்கள்” என்று உரிமையாளரிடம் கேட்கும்போதே, சட்டம் ஒழித்துவிட்ட கடனை நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, அந்தக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பையே நீக்கிவிடுகிறது. அது கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் சுமையை 15ஆவது பிரிவு கடன் கொடுத்தவர்மீது வைக்கிறது. அப்படியிருக்க, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியிடம் சீட்டு எங்கே, சாட்சி எங்கே என்று கேட்பது சட்டத்தையே தலைகீழாக்குவதாகும். இந்தச் சமரசத்தைக் கருணை என்று நம்புகிறவர்கள் நம் தொழிலில் இன்னும் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பூட்டிய கதவையும் அடிபட்ட தழும்பையும் தேடுவது அடுத்த தவறு. முன்பணத்துக்கு ஈடாக, பெயரளவுக் கூலிக்கு வேலை செய்யும்படி ஆவதோ, வேறு வேலைக்குச் செல்லும் உரிமையையோ விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ இழப்பதோ, இவற்றுள் ஒன்று இருந்தாலே அது கொத்தடிமை முறைதான். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

உரிமையாளரோ மேஸ்திரியோ நிற்கும் இடத்தில் விசாரணை நடந்தால், “நாங்களாகத்தான் இருக்கிறோம்” என்ற பதில்தான் வரும். ஆகவே தனியிடத்தில், பெண்களிடம் தனியாகவும், விசாரிக்கும்படி, விசாரணை நடத்தும் கோட்டாட்சியரிடம் முன்கூட்டியே வலியுறுத்த வேண்டும். மீட்கப்பட்டவர்களின் முகங்களைப் படமெடுத்துப் பகிர்வதை அறவே விட்டுவிட வேண்டும்.

கொத்தடிமையிலிருந்து விடுபட்டதை உறுதிசெய்து அரசு தரும், மறுவாழ்வுத் தொகை பெற ஆதாரமான விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் குடும்பத்தை ஊருக்கு ஏற்றிவிடுவதால் நேரும் இழப்பு பெரிது. 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் ஆண் தொழிலாளிக்கு 1 லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாயும் வகுத்தது. ஆனால் முழுத்தொகை குற்றம் மெய்ப்பிக்கப்படுவதோடு இணைக்கப்பட்டது. எனவே, மீட்பு முடிந்ததும் வழக்கைக் கைவிடுகிற பணியாளர் அந்தக் குடும்பத்தின் மறுவாழ்வையும் சேர்த்தே கைவிடுகிறார்.

ஊர் திரும்பிய இருளர் பழங்குடிக் குடும்பத்துக்குச் சாதிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் மனைப்பட்டாவும் இல்லையென்றால், அடுத்த பருவத்தில் மேஸ்திரி நீட்டும் முன்பணத்தை அவர்கள் எப்படி மறுப்பார்கள்? மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் சமூகப் பணியாளர் இருவருக்கு அதே 1976 சட்டத்தின் 13ஆவது பிரிவு இடம் தந்திருக்கிறது. அந்த இடத்தை வெறும் மரியாதைப் பதவியாகக் கருதாமல், சென்ற ஆண்டு விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் இன்று எங்கே இருக்கிறது என்ற கணக்கைக் கூட்டந்தோறும் மாவட்ட ஆட்சியரிடம் கேட்க வேண்டும்.