ஆள் எடுக்கும் முன் பழைய வேலையைச் சரிபார்ப்பது எப்படி?

வாளையார் தாண்டி, கேரளத்தின் பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. கோயம்புத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு, திருச்சூர், எர்ணாகுளம் பக்கம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பயோடேட்டாவில் எட்டு வருஷ அனுபவம் என்று இருந்தால் அது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

படி 1: சம்மதம் வாங்குங்கள்

எந்தெந்தக் கம்பெனியில் விசாரிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு மட்டும் தனியாகக் கேளுங்கள். ஆரம்பத்தில் இது தெரியாமல் ஒரு பையனின் அப்போதைய முதலாளிக்கே போன் செய்துவிட்டேன். அவன் வேறு இடம் தேடுவது அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த வாரமே அவனை நிறுத்திவிட்டார்கள். எங்களிடமும் ஆர்டர் குறைந்து, அவனை எடுக்க முடியாமல் போனது. அவன் அம்மா எங்கள் கேட்டில் வந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆஃபர் லெட்டர் கையில் கொடுத்த பிறகுதான் அந்தப் போனைச் செய்ய வேண்டும்.

படி 2: சான்றிதழை நிதானமாகப் படியுங்கள்

பழைய கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழின் லெட்டர்ஹெட்டில் பெரும்பாலும் ஜிஎஸ்டி எண் இருக்கும், எண்ணும் எழுத்துமாக மொத்தம் 15. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கேரளம் 32, தமிழ்நாடு 33. பாலக்காட்டு முகவரி போட்டுவிட்டு எண் 33 என்று தொடங்கினால், ஏன் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. ஒருமுறை 2015 தேதியிட்ட சான்றிதழில் ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்தேன். அதற்கு மேல் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டால் கம்பெனி பெயரும் பதிவான தேதியும் இலவசமாகவே கிடைக்கும்.

படி 3: பிஎஃப் கணக்கு

யூஏஎன் என்பது பிஎஃப் கட்டும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் 12 இலக்க எண். கம்பெனி மாறினாலும் அது மாறாது. பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள். அவரே தன் போனில் பிஎஃப் கணக்கைத் திறந்து சர்வீஸ் ஹிஸ்டரியைக் காட்டட்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதியாமலே விட்டிருப்பது சகஜம். அதை வைத்து ஆளைச் சந்தேகப்பட வேண்டாம்.

படி 4: போன்

அவர் கொடுத்த நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். மறுமுனையில் அவருடைய மச்சான் இருக்கலாம். கம்பெனியின் பொது நம்பரை நீங்களே தேடி எடுங்கள். "2019ல் சேர்ந்தாரா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்த வருஷம் சேர்ந்தார், எந்த மெஷினில் நின்றார்?" என்று கேளுங்கள். கடைசியாக, "திரும்ப வந்தால் எடுப்பீர்களா?" அதற்குப் பதில் சொல்லும் முன் எவ்வளவு தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். திருச்சூர் பக்கம் என்றால் மலையாளம் பேசத் தெரிந்தவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், மனம்விட்டுப் பேசுவார்கள்.

படி 5: கணக்கு ஒத்துவராவிட்டால்

20 பேருக்குக் குறைவாக இருக்கும் பட்டறைகள் பலவற்றில் பிஎஃப் இருக்காது. அப்போது பேங்க் பாஸ்புக்கில் சம்பளம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கையில் கூலி வாங்கியவர் என்றால் பட்டறைக்கே ஒரு நடை போய் வாருங்கள்.

எதுவானாலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் தள்ளிவிடாதீர்கள். சமீபத்தில் வந்த ஒரு டர்னருக்கு, பயோடேட்டாவில் ஒரு கம்பெனி, பிஎஃப்பில் வேறு பெயர். கேட்டதும் பர்ஸிலிருந்து ஓரம் கிழிந்த கேட் பாஸை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்தவர், பிஎஃப் கட்டியது கான்ட்ராக்டர். பாஸில் இரண்டு பெயருமே இருந்தன. திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன்.