காங்கேயம் கன்று வெள்ளையாகப் பிறப்பதில்லை: சிறார் நூல் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா நடக்கும்போது, வரையப் பழகும் பிள்ளைகள் சிலர் படக்கோப்போடு என்னிடம் வருவார்கள். புரட்டினால் ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள். கோடு நடுங்குவது, வண்ணம் திட்டுத்திட்டாக விழுவது பற்றி இங்கே சொல்லவில்லை. கை பழகப் பழக அவை சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில உண்டு.

நடு மடிப்பில் முகம்

வேண்டாம். பைண்டிங் மூக்கை விழுங்கிவிடும்.

எழுத்துக்கு இடம் விடாதது

இருமொழிப் புத்தகம் என்றால் இன்னும் கவனம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குவது தமிழில் பெரும்பாலும் அடுத்த வரிக்குப் போகும். வானத்தையோ மண்ணையோ கொஞ்சம் வெறுமையாக விடுங்கள்.

பார்க்காமல் வரைவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒரு கன்றுக்குட்டியின் முதல் வருடத்தைச் சொல்லும் கதை எனக்கு வந்தது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது மாடு மேயும் மேய்ச்சல் நிலத்தில் நடக்கிறது, 24 பக்கம். நான் ஈரோட்டுக்காரி. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் காங்கேயம். ஏறவில்லை. போனில் தேடி எடுத்த நாலு படங்களை வைத்தே வரைந்து முடித்தேன். முதல் பக்கத்திலிருந்து பால் வெள்ளையில் கன்று, சுற்றிலும் பச்சைப் பசேல் புல்வெளி, பலகை அடித்த வேலி.

புத்தகம் அச்சாகி வந்ததும் அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் வாசித்துக் காட்டப் போனேன். மூன்றாம் வகுப்புப் பையன் எழுந்து, “ஏனுங்க்கா, கன்னு செவலையாத்தானுங்க பொறக்கும்?” என்று கேட்டான். வகுப்பே ஆமாம் என்றது.

அவன் சொன்னது சரி. காங்கேயம் கன்று செந்நிறமாகத்தான் பிறக்கும். ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாக வளர்ந்தால் தலை, கழுத்து, திமில் எல்லாம் கருத்துவரும். கொறங்காட்டுக்கு உயிருள்ள கிளுவைதான் வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை பெய்த சில வாரங்கள் போக அந்தப் புல் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். இதில் எதுவும் என் படத்தில் இல்லை.

நிறம் தப்பியதைவிட இன்னொன்று அதிகம் உறுத்துகிறது. செவலையாகத் தொடங்கிய கன்று பக்கம் புரளப் புரளச் சாம்பலாகியிருந்தால், அது வளர்வதை ஒரு வார்த்தை இல்லாமல் காட்டியிருக்கலாம். மாடே கையில் கொடுத்த கதை அது. வாங்கிக்கொள்ள நான் அங்கே இல்லை.

இரண்டாம் பதிப்புக்கு 15 பக்கங்களைப் புதிதாக வரைந்தேன். இரண்டு மாதம், ஒரு ரூபாய் கூலி இல்லை, வேறு வேலையும் எடுக்க முடியவில்லை. முதல் பதிப்பு இன்னும் சில பள்ளி நூலகங்களில் இருக்கிறது.

இப்போது வருகிற கோப்புகளிலும் புகைபோக்கி வைத்த வீடும் ஊசியிலை மரமும்தான். தாராபுரத்துப் பக்கம் பனையைப் பார்த்தே வளர்ந்த ஒரு பெண், கிராமம் என்று சொல்லி அந்த ஊசியிலை மரத்தை வரைந்திருந்தாள். தயவுசெய்து நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். காலையிலும் உச்சி வெயிலிலும் ஒரே மாட்டை வரையுங்கள். மேய்ப்பவரிடம் பேசுங்கள். பென்சில் ரஃப் முடிந்ததும் அந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரிடம் காட்டுங்கள். அப்போது தவறு தெரிந்தால் ரப்பர் போதும்.

கூலியை மட்டும் பேசுவது

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவைப் படியுங்கள். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் உரிமை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த மொழிக்கு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே தூரிகையைத் தொடுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று கொள்ளும். உரிமை கைமாறினாலும் ‘வரைந்தது நான்’ என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். உங்கள் பெயர் அட்டையில் வர வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

ஒரிஜினலைத் தபாலில் அனுப்புவது

ஸ்கேன் மட்டும் போகட்டும்.