இடுப்பு வலியோடு ஒரு வருஷத்து விறகு

சமையலுக்கு கேஸ் இருக்கிறது. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் எங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்புதான். இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்துக்கா பஞ்சம்? முன்பெல்லாம் புரட்டாசியில் ஒரே மூச்சில் வெட்டி அடுக்கிவிடுவேன். இரண்டு வருஷம் முன்பு டிஸ்க் விலகி, இடது கால் மரத்துப்போனது. குனியாதே, கனம் தூக்காதே என்றார் டாக்டர். சரி, குனியாமல் எப்படி விறகு வெட்டுவது?

இப்போது மாசியிலேயே தொடங்கிவிடுகிறேன். காலையில் அரை மணி நேரம், அவ்வளவுதான். பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டால் பாதி உழைப்பு மிச்சம். காய்ந்த கருவேலம் கோடாரியைத் திருப்பி எறியும்.

அப்புறம் ஒரு தாங்கி. நாலு கம்பை இரண்டு ஜோடியாக, பெருக்கல் குறி போலக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கொடுத்தேன். இடுப்பு உயரம். கட்டையை அதில் கிடத்தி, நின்றபடியே ரம்பத்தால் அறுக்கலாம். மணிக்கட்டுப் பருமன் வரைதான் என் வேலை. தூரைப் பிளக்க ஆளுக்குக் கூலி கொடுத்துவிடுகிறேன். அதில் என்ன வெட்கம்?

அடுக்குவது ஹாலோ பிளாக் மேல், முழங்கால் உயரத்திலிருந்து. முதல் தடவை நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடினேன். உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்தது. இப்போது மேலே மட்டும்தான். பக்கமெல்லாம் காற்று புகுந்து போகிறது.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு கட்டைகூட நனையவில்லை. முள்தான் இன்னும் செருப்பைத் துளைக்கிறது.