ஆரஞ்சுத் தோல் கஷாயம்: மும்பை வீட்டில் சென்பி

மாட்டுங்காச் சந்தையில் குளிர்காலத்தில் குவியும் நாக்பூர் ஆரஞ்சை உப்பு நீரில் நன்றாகக் கழுவி, தோலை அடியில் ஒட்டியிருக்கும்படி மூன்று இதழாகக் கீறி உரித்து, பால்கனி வெயிலில் மொறுமொறுவென்று உடையும்வரை காயவையுங்கள். சீன மருத்துவத்தில் வயிற்று உப்புசத்துக்கும் மந்தத்துக்கும் தரப்படும் சென்பி இதே இனப் பழத்தின் தோல்தான். ‘சென்’ என்றால் பழையது என்று பொருள், குவாங்டொங் மாகாணத்துச் சின்ஹுயியிலோ குறைந்தது 3 ஆண்டு வைத்துப் பழையதாக்கிய தோலுக்கே அப்பெயர் உண்டு. நார்த்தங்காய் ஊறுகாயை அருமருந்தாக நினைக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மும்பை மழையில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஜூன் பிறக்குமுன் மீண்டும் வெயில் காட்டிக் கண்ணாடிச் சாடியில் இறுக மூடுங்கள்.

5 கிராம் தோலை ஊறவைத்து, இஞ்சித் துண்டுடன் இரண்டு தம்ளர் நீரை ஒரு தம்ளராக வற்றக் காய்ச்சி, உணவுக்குப் பின் வெதுவெதுப்பாகக் குடியுங்கள். வலி நீடித்தாலோ, வேறு மாத்திரைகள் உட்கொண்டு வந்தாலோ முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.