லேசான சர்ஃப் போர்டு செய்ய என்ன மெட்டீரியல் எடுக்கணும்? தெர்மோகோல்ல ஆரம்பிச்சு ரெசின் வரைக்கும்

சொந்தமா போர்டு செய்ய இறங்குற எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எந்த ஃபோம் ரொம்ப லேசு?" தான். கணக்கு போட்டுப் பாத்துட்டு கேளுங்க. போர்டுன்னா உள்ள ஃபோம், அது மேல ஃபைபர் கிளாஸ் துணி, துணிய ஃபோமோட ஒட்டி இறுக்குற ரெசின், அவ்ளோதான். 6 அடி ஷார்ட்போர்டு (சின்ன சைஸ் போர்டு) கன அளவு சுமார் 28 லிட்டர் வரும். கனமீட்டருக்கு 16 கிலோ ஃபோம விட்டுட்டு 32 கிலோ ஃபோம் போட்டாலும் கூடுறது 450 கிராம் கூட இல்ல. அத மிச்சம் புடிக்கப் போய், மட்டமான ஃபோம் உள்ள குடிக்கிற ரெசின்லயே அதே எடை திரும்ப ஏறிடும், மேல குதிகால் பட்ட இடமெல்லாம் குழியும் விழும்.

ஸ்டெப் 1: ஃபோம்

ரெண்டு வழி இருக்கு, பியூ (பாலியூரித்தேன்) இல்லன்னா இபிஎஸ் (எக்ஸ்பாண்டட் பாலிஸ்டைரீன்). பியூ ஃபோம்தான் பல வருஷமா ராஜா, அமெரிக்கால கிளார்க் ஃபோம் கம்பெனி 2005 டிசம்பர்ல திடீர்னு கடைய மூடினப்புறம்தான் நிறைய பேர் இபிஎஸ் பக்கம் சாஞ்சாங்க. நமக்கு இபிஎஸ்தான் வசதி, ஏன்னா அது நம்ம ஊரு தெர்மோகோலேதான், ஆனா டிவி பெட்டில வர்றது இல்ல. கூரைக்கும் கோல்ட் ஸ்டோரேஜுக்கும் இன்சுலேஷன் போடுறவங்ககிட்ட பெரிய பிளாக்கா கேளுங்க, 28லேர்ந்து 32 கிலோ டென்சிட்டி.

கடைக்காரர் சொல்றத அப்படியே நம்ப வேணாம். 10 செ.மீ நீளம், அகலம், உயரம்னு ஒரு கட்டி வெட்டி கிச்சன் தராசுல வைங்க, எத்தன கிராம் காட்டுதோ அதுதான் கனமீட்டருக்கு கிலோ கணக்கு. 28 கிராம்னா 28 கிலோ, அவ்ளோதான். அப்புறம் அந்தக் கட்டிய கையால ஒடைங்க. மணி மணியா உதிர்ந்தா வேணாம், மணிங்களே ரெண்டா பிளந்து ஒடஞ்சா நல்ல சரக்கு.

ஸ்டிரிங்கருக்கு (போர்டு நடுவுல நீளவாக்குல வர்ற மரப் பட்டை) 3 மி.மீ மெரைன் ப்ளை (தண்ணி தாங்குற ப்ளைவுட்) போதும். ஸ்டிரிங்கரே இல்லாம கார்பன் ஃபைபர் டேப் ஒட்டுறதெல்லாம் ரெண்டாவது, மூணாவது போர்டுல பாத்துக்கலாம்.

ஸ்டெப் 2: துணி

படகுக்கு ஃபைபர் வேலை செய்யுற கடைக்குப் போனா மேட் (நெய்யாம, துண்டு இழைங்கள சேத்து செஞ்ச விரிப்பு) எடுத்துக் குடுப்பாங்க. வாங்காதீங்க, அது ரெசின பயங்கரமா குடிக்கும். நெய்த துணிதான் வேணும், 135 ஜிஎஸ்எம்னு கேளுங்க (சதுர மீட்டருக்கு 135 கிராம், சர்ஃப் ஆளுங்க 4 அவுன்ஸ்னு சொல்றது இதத்தான்). மேல ரெண்டு லேயர், கீழ ஒண்ணு, பின்னங்கால் நிக்குற இடத்துல ஒரு பேட்ச் எக்ஸ்ட்ரா. காசு இருந்தா மேல ஒரு லேயர் மட்டும் எஸ்-கிளாஸ் (இன்னும் வலுவான கண்ணாடி இழைத் துணி) போடலாம். கெவ்லார் துணி பக்கம் போகவே போகாதீங்க, தேய்க்கத் தேய்க்க பஞ்சு மாதிரி நூல் கிளம்பும், நமக்கு வெறுத்துப் போயிடும்.

ஸ்டெப் 3: ரெசின்

எபாக்சி மட்டும்தான். பாலியஸ்டர் ரெசின்ல இருக்குற ஸ்டைரீன் தெர்மோகோல கரைச்சு குழியாக்கிடும். எபாக்சியோட கலந்து அத இறுக வைக்கிறது ஹார்ட்னர், நம்ம வெயிலுக்கு ஸ்லோ ஹார்ட்னர் வாங்குங்க. ஹார்ட்னர் கொஞ்சம் கூட ஊத்துனா சீக்கிரம் காயும்ங்கிறது பாலியஸ்டர் பழக்கம், எபாக்சில அது நடக்காது, டப்பால போட்ட விகிதம்தான், தராசுல எடைபோட்டு கலக்கணும். எடைக்கு ஒரு விகிதம், அளவுக்கு ஒரு விகிதம்னு ரெண்டு போட்டிருப்பான், குழப்பிக்காதீங்க. கலந்தத மக்லயே வெச்சிருந்தா சூடாகி புகையும், ஒடனே போர்டு மேல ஊத்தி பரப்பிடணும். நைட்ரில் கையுறை கட்டாயம், எபாக்சி ஒரு தடவ அலர்ஜி ஆச்சுன்னா அப்புறம் விடாது.

துணி எடை எவ்ளோவோ ரெசினும் கிட்டத்தட்ட அவ்ளோதான் நிக்கணும். மிச்சத்த ஸ்க்வீஜியால (தட்டையான வழிப்பான்) வழிச்சு எடுங்க. காச கார்பன்ல போடுறதுக்கு முன்னாடி ஒரு நல்ல தராசும் ஸ்க்வீஜியும் வாங்குங்க, எடை கொறையறது அங்கதான்.

ஸ்டெப் 4: குமிழி (என்ன ரொம்ப படுத்துனது இதுதான்)

தெர்மோகோல் மணிங்களுக்கு நடுவுல காத்து இருக்கு. லேமினேட் பண்ணும்போது (ஃபோம் மேல துணி விரிச்சு ரெசின் ஊத்தி ஒட்டும்போது) ரூம் சூடாகிட்டே போனா அந்தக் காத்து விரிஞ்சு ஈர ரெசின் வழியா வெளிய வரும், காஞ்சதும் பாத்தா மேலெல்லாம் ஊசி ஓட்டை. ஓட்டை அடைக்க இன்னொரு கோட், அதுக்கு இன்னொரு எடை.

ரெண்டு வேலை செய்யுங்க. முதல்ல, ஷேப் பண்ணி முடிச்சதும் லைட்வெயிட் ஸ்பேக்கிள் பேஸ்ட (சுவத்து ஓட்டை அடைக்குற பட்டி மாதிரி) கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கி முழுசா தேய்ச்சு, நல்லா காயவெச்சு, லேசா சாண்ட் பண்ணுங்க, சந்தெல்லாம் அடைபடும், ரெசின் உள்ள போகாது. ரெண்டாவது, வெப்பம் இறங்குற நேரத்துல லேமினேட் பண்ணுங்க. மத்தியானம் முழுக்க போர்ட சூடான ரூம்ல வெச்சுட்டு சாயங்காலம் ஆரம்பிச்சா உள்ள இருக்குற காத்து சுருங்கும், குமிழி வராது. ஆனா கடலோரத்துல சாயங்காலம் ஈரப்பதம் ஏறும், காஞ்ச எபாக்சி மேல பிசுபிசுன்னு ஒரு படலம் வரலாம். அடுத்த கோட்டுக்கு முன்னாடி தண்ணியும் ஸ்காட்ச் பிரைட்டும் வெச்சு கழுவித் தொடைங்க, தொடைக்காம சாண்ட் பண்ணா பேப்பர் அடைச்சுக்கும்.

ஏசி ரூம் இருந்தா இன்னும் சுலபம், சூடான ரூம்லேர்ந்து அங்க கொண்டு போய் பண்ணுங்க. ரெசின் இறுகுற வரைக்கும் ஏசிய மட்டும் அணைக்காதீங்க. கரண்ட் போற ஏரியான்னா ஏசி வேணாம், சாயங்கால வழியே நல்லது.

அப்டேட்: கமெண்ட்ல எக்ஸ்பிஎஸ் (மணி மணியா இல்லாம ஒரே கட்டியா வர்ற பாலிஸ்டைரீன் ஃபோம்) போடலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, தண்ணி குடிக்காதேன்னு. குடிக்காதுதான், ஆனா வெயில்ல உள்ள வாயு விரிஞ்சா வெளிய போக வழியில்லாம கிளாஸ் தோல் ஃபோம விட்டு எழும்பிடும். நான் போட மாட்டேன்.

இன்னொரு அப்டேட்: ரொம்ப லேசா செஞ்ச போர்டு கோவளத்துல தடதடன்னு அடிக்குதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். மத்தியானம் கடல் காத்து ஏறினப்புறம் அப்படித்தான் இருக்கும், லேசான போர்டு சின்னச் சின்ன அலை மேலயும் குதிக்கும். நீங்க போறதே அந்த நேரம்தான்னா மேல ஒரு லேயர 200 ஜிஎஸ்எம் ஆக்குங்க, கொஞ்சம் எடை ஏறட்டும். அப்புறம் இபிஎஸ் போர்டுக்கு வென்ட் பிளக் (சூட்டுல விரியுற காத்து வெளிய போக திறந்து மூடுற சின்ன அடைப்பான்) கண்டிப்பா வைங்க, கார் மேல கட்டி வெயில்ல ஈசிஆர் முழுக்க ஓட்டிட்டுப் போறவங்க தண்ணில இறங்குறதுக்கு முன்னாடி அத மூட மறக்காதீங்க.