தலைக்காயத்திற்குப் பின் எடை கூடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தலையில் அடிபட்டு, பல வாரம் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்புகிறவர் பெரும்பாலும் இளைத்துத்தான் வருவார். உடம்பு தேறட்டும் என்று வீட்டார் பார்த்துப் பார்த்துக் கொடுக்க, ஓராண்டுக்குள் அவர் பருத்துவிடுவதும் உண்டு. காலையில் இட்லி சாப்பிட்டவர் அரை மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கிறது என்றால், அதை நாக்கு ருசி என்று எண்ணிவிடக் கூடாது. மூளையில் பசியையும் நிறைவையும் சீராக்கும் ஹைப்போதலாமஸ் பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். சாப்பிட்டது நினைவில் பதியாமலும் போயிருக்கலாம். ஆகவே அவரைக் கடிந்து பயனில்லை. மாற்ற வேண்டியது அடுக்களையைத்தான்.

அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். வால்ப்ரோயேட் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் எடையைக் கூட்டக்கூடியவை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டுத் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எடை கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் நீரிழிவுத் தடுப்புக்காக உருவாக்கிய திட்டம் ஒன்றைத் தலைக்காயம் பட்டவர்களுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். மூலத் திட்டத்தின் இலக்கு இரண்டுதான்: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலை அசைப்பது. 80 கிலோ உள்ளவர் சுமார் ஐந்தரை கிலோ குறைத்தாலே போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போகாமல் இருப்பது நல்லது.

அடுக்களைச் சுவரில் நாள்காட்டியை மாட்டி, ஒவ்வொரு வேளை சாப்பாட்டையும் அவர் கையாலேயே குறிக்கச் செய்யுங்கள். மறுபடி கேட்கும்போது வாக்குவாதம் செய்யாமல் அதைக் காட்டினால் போதும். சோற்றுப் பானையைப் பக்கத்தில் வைக்காமல், தட்டில் பரிமாறியே கொண்டுவாருங்கள். உறவினர் கொண்டுவரும் அல்வாவை அன்றே அக்கம்பக்கத்தில் பங்கிட்டுவிடுங்கள். நெல்லையில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். தேங்காய்ப்பால் சேரும் சொதியை என்றைக்காவது ஒருநாள் அளவோடு வைத்துக்கொள்ளலாம். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று அள்ளிப் போடுவார்கள், அதுவும் சர்க்கரைதான். தலைக்காயத்தால் மோப்பம் போனவர் ருசி தெரியாமல் உப்பையும் இனிப்பையும் கூட்டிக்கொள்வார். ஊசிப்போன குழம்பும் அவருக்குத் தெரியாது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு உணவின் பதத்தைச் சிகிச்சையாளரே சொல்ல வேண்டும்.

நடையை மருத்துவரின் இசைவோடு பத்து நிமிடத்தில் தொடங்கி, களைப்பு பார்த்துக் கூட்டுங்கள். வெயில் ஏறுவதற்குள், ரத வீதிபோல் நன்கு பழகிய ஒரே பாதையில், துணையோடு நடப்பதே வழி. வலிப்பு உள்ளவரைத் தாமிரபரணியில் தனியே குளிக்க விடாதீர்கள். வெளியே வர இயலாதவருக்கு, 2021 முதல் நடக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கிடைக்கிறது.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே எடைக்கருவியில் நிறுத்து எழுதிவையுங்கள். நடக்கும்போது கடும் தலைவலி, வாந்தி, புதிதாகத் தூக்கக் கலக்கம் தோன்றினால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.