நாணலுக்குள் குருவிப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் சதுப்பு நிலப் பக்கம் காலையில் போனால், புதிதாக லென்ஸ் வாங்கியவர்கள் ஓரிருவராவது சம்புக் கோரை ஓரத்தில் நிற்பார்கள். அவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பேட்டரி சார்ஜ், மெமரி கார்டு, பளிச்சென்ற சட்டை பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுவோம்.

ஃபோகஸை கேமராவிடம் விட்டுவிடுவது

முன்னால் நிற்கும் நாணல் தாள் (தண்டு) கூர்மையாகவும், பின்னால் இருக்கும் குருவி மங்கலாகவும் வரும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் புது கேமராக்கள்கூட நாணலுக்குள் தடுமாறும். ஃபோகஸை ஒற்றைப் புள்ளியில் வையுங்கள். முதலில் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பிக் குருவி இருக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் ஆட்டோஃபோகஸை அழுத்துங்கள். இன்னொன்று, குருவியைத் துரத்தாதீர்கள். நாணல் கதிர்க்குருவி பாடும்போது தாளைப் பிடித்து மேலே ஏறி வரும். சில்லைகள் விதை தின்னக் கதிருக்கு வரும். அந்த இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

ஐஎஸ்ஓ பயம்

கேமராவின் ஒளி உணர்திறன் எண்ணான ஐஎஸ்ஓ 3200 வரை போகட்டும், ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அதனால் படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸைப் பிறகு குறைக்கலாம், காற்றில் அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கூட்டை மறைக்கும் தாளை விலக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

தூக்கணாங்குருவிகளில் நெஞ்சில் கீற்று உள்ள வகை ஒன்று உண்டு. அது பனை, ஈச்சை என்று போகாமல், தண்ணீருக்குச் சற்று மேலே சம்புத் தாள்களிலேயே கூடு பின்னும். கதிர்க்குருவியும் புல்லுக்குள் தாழ்வாகத்தான் கட்டும். உயரத்தால் கிடைக்கும் பாதுகாப்பு இவற்றுக்கு இல்லை. சுற்றி நிற்கும் தாள்கள்தான் வெயிலையும் மறைக்கின்றன, காக்கையின் கண்ணையும் மறைக்கின்றன.

ஒருமுறை ஒருவர் கதிர்க்குருவிக் கூட்டுக்கு முன்னால் இருந்த தாள்களை நூல் போட்டு ஒதுக்கிக் கட்டியிருந்தார். “வெட்டலையே சார், எடுத்து முடிச்சதும் அவிழ்த்துடுவேன்” என்றார். குருவியோ அலகில் புழுவை வைத்துக்கொண்டு பக்கத்துத் தாளில் உட்கார்ந்து தவித்தது. உள்ளே போகவே இல்லை. அந்தத் தவிப்பையும் அவர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். பேசி, நூலை அவிழ்க்க வைத்து வெளியே கூட்டி வந்தோம். மறுநாள் கூடு கிழிந்து கிடந்தது. காக்கையோ செம்போத்தோ, எது வந்ததென்று தெரியாது. இரண்டுமே குஞ்சைத் தின்னும்.

வெட்டினால் மட்டும்தான் கேடு என்று நினைக்காதீர்கள். கட்டினாலும், மடக்கினாலும், மிதித்து ஒரு தடம் போட்டாலும் கூடு வெட்டவெளிக்கு வந்துவிடும். பறவைக் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை, 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. வனத்துறை கேட்டால் “படம்தானே எடுத்தேன்” என்பது பதிலாகாது.

இரையோடு வந்த குருவி கூட்டுக்குப் போகாமல் நின்றால், நீங்கள் நிற்கும் இடம் தப்பு. அது உள்ளே போகும்வரை பின்வாங்குங்கள். கூடு வேண்டாம், வரும் வழியில் அது உட்காரும் தாளைக் கவனியுங்கள். இரையோடு, நல்ல வெளிச்சத்தில், பின்னணி தெளிவாக, கூட்டுப் படத்தைவிட நல்ல படம் அங்கேதான் கிடைக்கும்.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது

கூடாது. எந்தக் காலத்திலும்.

வெயில் ஏறியும் தூரத்துப் பறவையைப் படமெடுப்பது

தண்ணீர் மேல் சூடான காற்று அலையத் தொடங்கினால் எந்த லென்ஸிலும் படம் மசமசவென்றுதான் வரும். லென்ஸ் பழுது என்று சர்வீஸுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்நேரத்தில் கிட்டே வரும் பறவையை மட்டும் எடுங்கள்.

நிறத்தை ஏற்றுவது

குளிர்காலத்தில் வலசை வரும் கதிர்க்குருவிகள் பலவும் பழுப்புதான். உடலின் பழுப்புச் சாயல், புருவக் கோட்டின் நீளம், அலகின் பருமன் ஆகியவற்றை வைத்தே இனம் பிரிக்கிறோம். நிறச் செறிவைக் கூட்டி மஞ்சளாக்கிய படத்தில் அந்தச் சாயல் போய்விடும். இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றும் படத்தை வேண்டுமானால் க்ராப் செய்யுங்கள், நிறத்தில் கை வைக்காதீர்கள்.